இருளில் போட்ட கணக்கு



இயற்பியல் பாடத்தில் விதிகளை நாம் மனப்பாடம் செய்துவிடுகிறோம். வரையறைகளை எழுதிவிடுகிறோம். படம் வரைந்து பாகங்களையும் குறித்துவிடுகிறோம். ஆனால் பாடத்தின் இறுதியில் ‘கணக்குகள்’ என்ற தலைப்பைக் கண்டதும் நம் முகம் வாடிவிடுகிறது. முதல் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்க்கிறோம். மூன்றாவது வரவில்லை என்றால் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்க்கிறோம். விடைக்கு ஏற்றாற்போல் வழியை வளைக்கிறோம். அதுவும் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவளின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்குகிறோம். இதில் ஒருவரையொருவர் குறை சொல்வதற்கில்லை. நாம் எல்லோருமே செய்வதுதான்.

இப்படிக் கணக்கு வராமல் சோர்ந்திருக்கும் வேளையில் நாம் நினைத்துக்கொள்ளத்தக்க அம்மையார் ஒருவர் உண்டு. அவருக்குக் கணக்குப் போடப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை, ஆசிரியர் கிடைக்கவில்லை, புத்தகம்கூட எளிதில் கிடைக்கவில்லை. அரும்பாடுபட்டுப் புத்தகத்தைப் பெற்றபோது, அதைப் படிக்க உதவிய மெழுகுவர்த்தியை வீட்டார் எடுத்துக்கொண்டுவிட்டனர். அவரோ இருளில் படுத்தபடியே கணக்குப் போட்டார். அன்று தொடங்கிய பழக்கத்தை 91 வயது வரை அவர் விடவில்லை. அவர்தாம் மேரி சாமர்வில் அம்மையார்.

மேரி 1780-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் ஜெட்பர்க் என்னும் ஊரில், உறவினர் இல்லம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஃபேர்ஃபாக்ஸ் கடற்படை அதிகாரி. அவரைக் கப்பலேற்றி வழியனுப்பிவிட்டு லண்டனிலிருந்து திரும்பும் வழியில்தான் தாயார் அங்கே தங்கியிருந்தார். பின்னர் குடும்பம் வாழ்ந்தது பர்ன்ட்ஐலண்டு என்னும் சிறு துறைமுக ஊரில். கடலின் ஒரு கையைத் தாண்டினால் அக்கரையில் எடின்பரோ நகரம். தந்தையோ பெரும்பாலும் கடலில். தாயார் தம் மகளுக்கு விவிலியத்தை வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். அதற்குமேல் பெண்பிள்ளைக்கு என்ன தேவை என்று இருந்துவிட்டார். சிறுமி மேரி கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கியும், பறவைகளைப் பார்த்தும், தோட்டத்தில் அலைந்தும் வளர்ந்தாள்.

ஒருமுறை நீண்ட கடற்பயணம் முடிந்து வீடு திரும்பிய தந்தைக்கு அதிர்ச்சி காத்திருந்தது. ஒன்பது பத்து வயதான மகளுக்கு எழுதத் தெரியவில்லை! உடனே அவளை விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தார். அந்தப் பள்ளியின் கல்வி எப்படிப்பட்டது தெரியுமா? சிறுமியின் உடலை இறுக்கமான கச்சையால் கட்டி, முன்புறம் இரும்புப் பட்டை ஒன்றை வைத்தார்கள். அதிலிருந்து எழும்பும் கம்பி மோவாயைத் தாங்கி நிறுத்தியது. நிமிர்ந்து உட்கார வேண்டுமாம். அந்தக் கோலத்தில் ஆங்கில அகராதியின் ஒரு பக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். ஓராண்டுக் காலம் இப்படிக் கழிந்தது. வீடு திரும்பிய மேரி, கூண்டிலிருந்து விடுபட்ட பறவை போலானாள். அவள் வாழ்நாளில் முழுநேரப் பள்ளிப் படிப்பு என்பது அந்த ஓராண்டோடு முடிந்தது. அந்தப் பள்ளியில் அவள் கணக்கையோ வானியலையோ காணவில்லை.

ஆயினும் வானம் இருந்தது. குளிர்கால இரவுகளில் தன் படுக்கையறைச் சன்னலருகே நின்று விண்மீன்களைப் பார்ப்பதில் மணிக்கணக்கை மறந்தாள். ஊர்ப் பள்ளி ஆசிரியர் சில மாலை வேளைகளில் வீட்டுக்கு வந்து, பூமி உருண்டையையும் வான உருண்டையையும் கொண்டு ஊர்களின் இருப்பிடத்தையும் விண்மீன்களின் இருப்பிடத்தையும் கண்டறியக் கற்றுக் கொடுத்தார். உருண்டையில் கண்ட விண்மீனைச் சன்னல் வழியே வானத்தில் தேடுவது மேரிக்கு விளையாட்டாயிற்று. அவள் போட்ட முதல் வானியல் பயிற்சி இதுவென்று நாம் கொள்ளலாம்.

அவளுக்கு ஏறத்தாழ 15 வயதானபோது, ஒரு தேநீர் விருந்துக்குச் சென்றிருந்தாள். அங்கே பழக்கமான ஒரு பெண், பின்னர் தன் பூத்தையல் வேலைகளைக் காட்டியபோது ஒரு மாத இதழையும் மேரியிடம் நீட்டினாள். உடைகளின் வண்ணப் படங்களும் விடுகதைகளும் நிறைந்த இதழ் அது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்த மேரி, ஒரு பக்கத்தின் இறுதியில் கண்ணை நிறுத்தினாள். அங்கே ஒரு கணக்குப் புதிர். எண்களோடு எண்களாக எக்ஸ், ஒய் என்ற எழுத்துகள் விசித்திரமான கோடுகளுக்கிடையே கிடந்தன. இது என்ன என்று கேட்டாள். அது ஒருவகை எண் கணக்கு, இயற்கணிதம் என்று பெயர், அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்று விடை வந்தது. தையல் மாதிரியை மேரி மறந்தாள். அந்த எழுத்துகளை மறக்கவில்லை. வீட்டில் இருந்த புத்தகங்களிலெல்லாம் அந்தச் சொல்லைத் தேடினாள், கிடைக்கவில்லை. கேட்டால் சிரிப்பார்களோ என்று ஒருவரிடமும் கேட்கவுமில்லை.

அடுத்த துப்பு ஓவிய வகுப்பில் கிடைத்தது. எடின்பரோவில் அலெக்சாண்டர் நாஸ்மித் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் மேரி ஓவியம் பயின்றாள். ஒருநாள் அவர் வேறு மாணவியரிடம் பேசிக்கொண்டிருக்கையில், தொலைவுக்கேற்ப உருவங்களைச் சிறிதாக்கி வரையும் கலைக்கு அடிப்படை யூக்ளிட்டின் வடிவகணித நூல் என்றும், வானியலுக்கும் இயக்கவியலுக்கும்கூட அதுவே அடிப்படை என்றும் கூறினார். மேரியின் காதில் அது விழுந்தது. தேடிக்கொண்டிருந்த கதவின் சாவி எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிட்டது. ஆனால் அக்காலத்தில் ஓர் இளம்பெண் புத்தகக் கடைக்குச் சென்று யூக்ளிட் கொடுங்கள் என்று கேட்க முடியுமா? முடியாது. வீட்டில் தம்பிக்குப் பாடம் சொல்ல ஓர் ஆசிரியர் வந்துகொண்டிருந்தார். துணிவை வரவழைத்துக்கொண்டு அவரிடம் கேட்டாள். நல்ல மனம் கொண்ட அந்த ஆசிரியர் யூக்ளிட் நூலையும் இயற்கணித நூல் ஒன்றையும் வாங்கி வந்து கொடுத்தார்.

பகலெல்லாம் மேரிக்கு வேலை இருந்தது. தன் உடைகளைத் தானே தைத்தாள். பியானோ பயின்றாள். இரவில்தான் யூக்ளிட். மெழுகுவர்த்திகள் விரைவில் தீர்ந்துபோவதைக் கண்ட வேலைக்காரர்கள் தாயாரிடம் முறையிட்டனர். தாயார் சினந்தார்; மேரி படுக்கைக்குச் சென்றதும் மெழுகுவர்த்தியை எடுத்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். தந்தையாரோ உண்மையாகவே அஞ்சினார். பெண்ணின் மூளை இத்தகைய உழைப்பைத் தாங்காது, இப்படியே விட்டால் மகள் பித்துப் பிடித்துப் போவாள் என்பது அக்காலத்துப் படித்தவர்களிடமும் இருந்த நம்பிக்கை. அவர்கள் கொடியவர்கள் அல்லர், மகள்மீது அன்புடையவர்களே. அன்பினாலேயே விளக்கை அணைத்தார்கள் என்பதை நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்குள் மேரி யூக்ளிட்டின் முதல் ஆறு பகுதிகளைப் படித்து முடித்திருந்தாள். விளக்கு போனாலும் நினைவு போகவில்லை. ஒவ்வோர் இரவும் படுத்துக்கொண்டு முதல் பகுதியின் முதல் கணக்கிலிருந்து தொடங்கினாள். ஒரு நேர்க்கோடு இருக்கிறது. அதன்மேல் மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தை அமைக்க வேண்டும். கோட்டின் ஒரு முனையை மையமாக வைத்து, கோட்டின் நீளத்தையே ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம். மறுமுனையை மையமாக வைத்து அதே போல் இன்னொரு வட்டம். இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளியை இரு முனைகளோடும் சேர்த்தால் முக்கோணம் ஆயிற்று. மூன்று பக்கங்களும் ஏன் சமம்? இதைத் தாளில் வரைந்து பார்ப்பது எளிது. கண்ணை மூடிக்கொண்டு மனத்திலேயே வரைந்து, காரணமும் சொல்லிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, இரவுக்குச் சில கணக்குகளாக, நூல் முழுவதையும் மனத்தில் நடத்தினாள் அந்தப் பெண்.

மெழுகுவர்த்தியைப் பறித்ததில் ஒரு நன்மையும் விளைந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. இருட்டில் விடைப் பக்கத்தைப் புரட்ட முடியாது. அடுத்தவர் எழுதியதைப் பார்க்க முடியாது. எது தன் சொந்த அறிவாக ஆகிவிட்டதோ அது மட்டுமே இருட்டில் துணைவரும்.

1804-ஆம் ஆண்டு மேரிக்கும் உறவினரான சாமுவேல் கிரெய்க்குக்கும் திருமணம் நடந்தது. அவர் ரஷ்யக் கடற்படையைச் சேர்ந்தவர். திருமணத்துக்குப்பின் லண்டனில் வாழ்ந்தனர். பெண்களின் அறிவாற்றலைப் பற்றிக் கணவருக்கு உயர்ந்த எண்ணம் இல்லை. மனைவியின் படிப்பை அவர் தடுக்கவில்லை; ஊக்குவிக்கவும் இல்லை. மூன்றே ஆண்டுகளில், 1807-இல், அவர் இறந்தார். இரண்டு சிறு ஆண்குழந்தைகளோடு, 26 வயதுக் கைம்பெண்ணாக மேரி அம்மையார் பர்ன்ட்ஐலண்டுக்குத் திரும்பினார்.

துயரத்தின் நடுவே அவருக்கு ஒன்று மட்டும் கிடைத்தது. அவருடைய நேரத்தையும் பணத்தையும் இனி யாரும் கேள்வி கேட்க முடியாது. கோளத் திரிகோணமிதியைக் கற்றார். நியூட்டனின் பெருநூலான ‘பிரின்சிப்பியா’வைப் படிக்கத் துணிந்தார். முதன்முறை அது அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. விட்டுவிடாமல் மீண்டும் படித்தார். உற்றார் பலர் அவரைப் பற்றி ஏளனமாகப் பேசினர். கணிதப் பேராசிரியர் வில்லியம் வாலஸ் அவர்களிலிருந்து வேறுபட்டவர். ஓர் இதழில் வெளியாகும் கணிதப் புதிர்களுக்கு இருவரும் தனித்தனியே விடை கண்டு, அஞ்சல் வழியே மாற்றிக்கொண்டனர். அவர் போட்ட வழியும் இவர் போட்ட வழியும் வேறு வேறாக இருக்கும். எது சுருக்கமானது, எங்கே பிழை என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். 1811-ஆம் ஆண்டு அவ்விதழ் நடத்திய போட்டியில் ஒரு கணக்கைத் தீர்த்ததற்காக மேரி அம்மையாருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அதில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. 15 வயதில் மாத இதழின் பக்கத்தில் புரியாமல் நின்ற அதே பெண், 30 வயதில் மற்றோர் இதழின் கணக்கை வென்றுவிட்டார்!

1812-இல் அம்மையார் இரண்டாம் முறை மணம் புரிந்தார். கணவர் வில்லியம் சாமர்வில் மருத்துவர், இவரும் உறவினரே. மனைவியின் அறிவைக் கண்டு பெருமைப்பட்டவர். அம்மையாருக்காக நூலகங்களில் நூல் தேடினார். அவர் எழுதியவற்றைப் படியெடுத்துக் கொடுத்தார். வாலஸ் குறித்துக் கொடுத்த பட்டியலைக் கொண்டு, உயர்கணித நூல்கள் அடங்கிய சிறு நூலகம் ஒன்றை அம்மையார் விலைக்கு வாங்கியபோது அவருக்கு வயது 33. எத்தனையோ ஆண்டுகளாகக் கனவு கண்ட புதையல் அது.

1816-இல் குடும்பம் லண்டனில் குடியேறியது. அங்கே அறிஞர் பலர் நண்பர்களாயினர். அம்மையார் தம் தோட்டத்தில் ஓர் ஆய்வு செய்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்து, ஊதாக் கதிரைத் தையல் ஊசியின்மேல் விழச் செய்தார். ஊசி காந்தத் தன்மை பெறுவதாக அவருக்குத் தோன்றியது. 1826-இல் அந்த ஆய்வுக் கட்டுரையை அவருடைய கணவர் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். பெரிதும் பாராட்டினார்கள். ஆனால் பிறர் அதே ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஊதாக் கதிரால் ஊசி காந்தமாவதில்லை என்பது தெளிவாயிற்று. அம்மையாரின் விடை தவறு! உலகறியப் பாராட்டப்பட்ட விடை, உலகறியத் தவறாயிற்று. நமக்கு வகுப்பில் கரும்பலகை முன் ஒரு கணக்கு தவறினால் அன்று முழுவதும் தலை நிமிர்வதில்லை. அம்மையாருக்கும் வருத்தம் இருந்தது. ஆனால் அவர் அத்தோடு அறிவியலை மூடி வைத்துவிடவில்லை. அவருடைய மிகப் பெரிய பணியே அதன்பிறகுதான் வந்தது.

1827-ஆம் ஆண்டு புரூம் பிரபு அம்மையாரின் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ், கோள்களின் இயக்கத்தைப் பற்றி ‘வான இயக்கவியல்’ என்ற பெருநூலைப் பல பாகங்களாக எழுதியிருந்தார். இங்கிலாந்தில் அதைப் புரிந்துகொண்டவர் மிகச் சிலர். அதை ஆங்கிலத்தில் விளக்கி எழுத அம்மையாரால்தான் முடியும் என்பது கடிதத்தின் சாரம்.

அந்த நூலின் கருத்து என்ன? நம்முடைய பாடப்புத்தகக் கணக்கு ஒன்றைக் கொண்டே அதன் வாசலை எட்டிப் பார்க்கலாம். கையிலிருந்து நழுவிய கல் முதல் ஒரு வினாடியில் ஏறத்தாழ 4.9 மீட்டர் விழுகிறது. நாம் நிற்பது பூமியின் மையத்திலிருந்து ஒரு பூமி ஆரத் தொலைவில். சந்திரன் இருப்பது ஏறத்தாழ 60 பூமி ஆரத் தொலைவில். ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்றார் நியூட்டன். அப்படியானால் அங்கே ஈர்ப்பு 60 பெருக்கல் 60, அதாவது 3,600-இல் ஒரு பங்காகிவிடும். ஒரு வினாடியில் சந்திரன் விழுவது மிகச் சிறிது. ஆனால் விழும் தொலைவு நேரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒரு நிமிடத்துக்கு 60 வினாடி. அதன் இருமடியும் 3,600. ஆகவே கல் ஒரு வினாடியில் விழும் அதே 4.9 மீட்டரைச் சந்திரன் ஒரு நிமிடத்தில் விழ வேண்டும். விழுகிறதா? விழுகிறது! நேராகப் பறந்துபோக வேண்டிய சந்திரன் ஒவ்வொரு நிமிடமும் அந்த அளவு பூமியின் பக்கம் வளைவதால்தான் நம்மைச் சுற்றி வருகிறது. மரத்திலிருந்து விழும் பழத்துக்கும் மாதமொரு முறை சுற்றிவரும் நிலவுக்கும் ஒரே கணக்கு.

பூமியும் சந்திரனும் மட்டும் இருந்தால் கணக்கு இவ்வளவுதான். ஆனால் சூரியனும் சந்திரனை இழுக்கிறது. வியாழன் சனியை இழுக்கிறது. சனி வியாழனை இழுக்கிறது. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றின் பாதையையும் சிறிது சிறிதாக மாற்றுகிறது. அவ்வளவையும் சேர்த்துக் கணக்கிட்டதே லாப்லாஸின் பெருமை. அந்நூலில் பல படிகளை அவர் எழுதாமலே தாண்டிச் சென்றுவிடுவார். விட்டுப்போன படிகளையெல்லாம் படிப்பவரே போட்டு நிரப்ப வேண்டும்.

அம்மையார் தயங்கினார். முறையான கல்வி பெறாத தமக்கு இது தகுமா என்று அஞ்சினார். இறுதியில் இரண்டு நிபந்தனைகளோடு இசைந்தார். இப்படி ஒரு முயற்சி நடப்பது யாருக்கும் தெரியக்கூடாது. எழுதி முடித்தது தகுதியற்றது என்று தோன்றினால் கையெழுத்துப் படியை நெருப்பில் போட்டுவிட வேண்டும். அதன்பிறகு அதிகாலையில் எழுந்தார். வீட்டு வேலைகளை ஒழுங்குபடுத்தினார். பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொன்னார். மிஞ்சிய நேரத்தில் எழுதினார். கடினமான ஒரு கணக்கின் நடுவே விருந்தினர் வந்துவிடுவார்கள். தாள்களை மறைத்து வைத்துவிட்டு, முகம் கோணாமல் உரையாடி, அவர்கள் போனபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஆண்கள் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை என்பதை அவர் நன்றாக உணர்ந்திருந்தார். அதற்காக வருந்திக்கொண்டே இருக்கவில்லை. எடுத்ததை வைக்கவும் வைத்ததை எடுக்கவும் மனத்தைப் பழக்கிக்கொண்டார். இருட்டில் கணக்குப் போட்ட மனத்துக்கு இது அரிதா என்ன?

1831-ஆம் ஆண்டு ‘வானங்களின் இயக்கமுறை’ என்ற அந்த நூல் வெளிவந்தது. நெருப்புக்குப் போகவில்லை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று! அங்கே உயர்கணிதம் பயிலும் மாணவர்கள் அதைப் பாடநூலாகப் படித்தனர். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல்தான் என்பதை நாம் அறிந்தால், அந்நிகழ்ச்சியின் சிறப்பு விளங்கும். ராயல் சொசைட்டி அம்மையாருக்கு மார்பளவுச் சிலை செய்வித்துத் தன் மண்டபத்தில் வைத்தது. சிலைக்கு இடம் கிடைத்தது. பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை. அக்கழகத்தில் பெண்கள் முதன்முதலாக உறுப்பினரானது 1945-இல். ஆயினும் ராயல் வானியல் கழகம் 1835-இல் அம்மையாரையும், வால்மீன்கள் பல கண்ட கரோலின் ஹெர்ஷல் அம்மையாரையும் ஒருசேரக் கௌரவ உறுப்பினராக ஏற்றுப் பெருமை பெற்றது. பிற்காலத்தில் கணிப்பொறி வரலாற்றில் புகழ்பெற்ற அடா லவ்லேஸ் இளம்பெண்ணாக இருந்தபோது, கணிதத்தில் ஐயம் கேட்டு வந்தது சாமர்வில் அம்மையாரிடம்தான்.

1834-இல் அவர் எழுதிய அடுத்த நூல், இயற்பியல் அறிவியல்கள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புடையவை என்பதைப் பொதுமக்களுக்கு விளக்கியது. அதைப் பதிப்புக்குப் பதிப்பு திருத்தினார். அந்நாளில் யுரேனஸ் என்னும் கோள் வானியலாரைத் திகைக்க வைத்துக்கொண்டிருந்தது. கணக்கிட்ட இடத்தில் அது இல்லை. சற்றே விலகி நின்றது. கணக்கு தவறா, கோள் தவறா? யுரேனஸுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கக்கூடும் என்றும், அந்த விலகலைக் கொண்டே அதன் பாதையை அறிய முடியலாம் என்றும் அம்மையார் தம் நூலில் குறிப்பிட்டார். ஜான் ஆடம்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் இளைஞர், அந்தக் கோளைக் கணக்கிடும் எண்ணம் தமக்கு எழுந்தது அந்நூலைப் படித்ததால்தான் என்று பிற்காலத்தில் தெரிவித்தார். பிரான்சில் லெவெரியே என்பவரும் தனியே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு, லெவெரியே சொன்ன இடத்தில் பெர்லின் வானாய்வகத்தார் தொலைநோக்கியைத் திருப்ப, நெப்டியூன் அங்கே இருந்தது. விடை பொருந்தவில்லை என்று தாளைக் கிழித்தெறியாமல், ஏன் பொருந்தவில்லை என்று கேட்டவர்களுக்கு ஒரு புதிய கோளே பரிசாகக் கிடைத்தது.

அம்மையாரின் வாழ்வில் துயரங்களும் குறைவில்லை. முதல் திருமணத்தில் பிறந்த மகன்களுள் ஒருவனைச் சிறுவயதிலேயே இழந்தார். அறிவுக் கொழுந்தாய் விளங்கிய மகள் மார்கரெட்டை 1823-இல் மரணம் கொண்டுபோயிற்று. கணவரின் உடல்நலம் கருதி 1838 முதல் இத்தாலியில் வாழ்ந்தனர். 1860-இல் கணவரும், 1865-இல் மூத்த மகனும் மறைந்தனர். ஒவ்வோர் இடிக்குப் பிறகும் அவர் மேசைக்குத் திரும்பினார். 1848-இல் புவியியல் நூல் ஒன்றை வெளியிட்டார். 1869-இல், 88-ஆம் வயதில், நுண்ணிய பொருள்களைப் பற்றி இரண்டு பாகங்களாக ஒரு நூலை வெளியிட்டார். அவ்வாண்டே ராயல் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

இத்தனைக்கும், புதியதைக் கண்டுபிடிக்கும் மேதைமை தமக்கு வாய்க்கவில்லை என்றே அவர் கருதினார். தமக்கு இருந்தது விடாமுயற்சியும் புரிந்துகொள்ளும் திறனும் மட்டுமே என்பது அவர் கணிப்பு. தோழியரே, நம்மில் மேதைகள் சிலரே இருப்போம். ஆனால் விடாமுயற்சி யாருக்கும் மறுக்கப்பட்டதன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பெண் எவ்வளவு தொலைவு போகலாம் என்பதற்கு இந்த வாழ்வு சான்று.

அவருடைய இறுதிக் காலம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கழிந்தது. வயது 91. காது நன்றாகக் கேட்கவில்லை. பழகியவர்களின் பெயர்கள் மறந்துபோயின. ஆனால் கணிதம் மறக்கவில்லை. காலையில் நான்கைந்து மணி நேரம் உயர் இயற்கணித நூல்களைப் படித்துக் கணக்குகளைப் போட்டார். சில கணக்குகள் வரமாட்டா. வராவிட்டால் வருந்துவதில்லை, மறுநாள் காலை மீண்டும் அதே கணக்கை எடுத்துக்கொள்வார். இளமையில் இருந்த பிடிவாதம் முதுமையிலும் போகவில்லை என்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டார். அப்போது எந்தத் தேர்வு அவருக்குக் காத்திருந்தது? எந்தப் பதக்கம்? ஒன்றுமில்லை. கணக்குப் போடுவதே அவருக்கு மகிழ்ச்சி. படைப்பின் ஒழுங்கு எண்களில் வெளிப்படுவதைக் காண்பது இறைவனின் ஞானத்தைக் காண்பது என்று அவர் நம்பினார். 1872 நவம்பர் 29-ஆம் நாள், உறக்கத்திலேயே அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

1879-இல் ஆக்ஸ்போர்டில் பெண்களுக்காக ஒரு கல்வி இல்லம் தொடங்கப்பட்டபோது அதற்குச் சாமர்வில் என்று பெயர் சூட்டினார்கள். ஒருகாலத்தில் மெழுகுவர்த்தி மறுக்கப்பட்ட பெண்ணின் பெயரால், எத்தனையோ பெண்கள் விளக்கொளியில் அமர்ந்து படித்தார்கள்.

நமக்கோ புத்தகம் இருக்கிறது. ஐயம் கேட்டால் சொல்லித்தர ஆசிரியைகள் இருக்கிறார்கள். படி மகளே என்று விளக்கேற்றி வைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று. வராத கணக்கோடு இன்னும் சிறிது நேரம் அமர்ந்திருக்கும் பொறுமை. பிறர் நோட்டிலிருந்து எடுத்தெழுதிய விடை தேர்வு மண்டபம் வரைகூட நம்மோடு வராது. நாமே போராடிக் கண்ட வழி 91 வயதிலும் நம்மோடு இருக்கும்.

ஆகவே தோழியரே, ஒரு சிறு கணக்கோடு விடைபெறுவோம். சந்திரன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, 27.3 நாளில் ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் கொண்டு, ஒரு நிமிடத்தில் அது நம்மை நோக்கி எத்தனை மீட்டர் வளைகிறது என்று காணுங்கள். மேலே நாம் கண்ட 4.9 மீட்டரோடு ஒப்பிடுங்கள். முதல்முறை பொருந்தாவிட்டால் எங்கே வழுக்கியது என்று தேடுங்கள். போட்ட வழியை எடுத்துத்தர இம்மலரின் கடைசிப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். அது அங்கே இல்லை. இன்று வராவிட்டால் நாளைக் காலை மீண்டும் முயல்வோம்.